கஸ்தானையும் கவ்வாத்துக் கத்தியும்: ஊவாவின் இரும்புப் பொருள்களது தோற்றமும் காலமும் பற்றிய சில குறிப்புகள்

2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே நெதர்லாந்திலிருந்து ஆறு பழம்பொருள்கள் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. லெவ்கே திசாவையின் பெயரோடு தொடர்புடைய அணிப்பீரங்கியே அவற்றுள் மிகுதியும் பேசப்பட்டது. ஏனைய ஐந்தும் படைக்கலங்களே: பொன்வேலைப்பாடமைந்த கஸ்தானை வாள் ஒன்று, வெள்ளிவேலைப்பாடமைந்த கஸ்தானை வாள் ஒன்று, கத்தி ஒன்று, பெருந்துவக்குகள் இரண்டு. 1765 பெப்ரவரியிலே ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டிமீது படையெடுத்து அரண்மனையைச் சூறையாடிய வேளையிலே இவை கைப்பற்றப்பட்டன என்பதை இலங்கை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு நிறுவிய பின்னரே அவற்றைத் திருப்பியளிக்க அந்நாட்டு அரசு இணங்கியது.

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இப்பொருள்கள் எப்பொழுது, எவரிடமிருந்து பறிக்கப்பட்டன என்பதே அவ்வாய்வின் தலையாய வினா. திருப்பிக் கொடுப்பதற்கு அதுவே போதுமானது. ஆயின், அவை எப்பொழுது, எவர் கையால், எங்கிருந்து வந்த இரும்பினால் ஆக்கப்பட்டன என்பது பிறிதொரு வினா. முன்னது உடைமையின் வரலாறு; பின்னது உழைப்பின் வரலாறு. நம் நாட்டிலே பழம்பொருள்கள் பற்றி நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் முன்னதோடு நின்றுவிடுகின்றன. பின்னதை ஊவாவை மையமாகக் கொண்டு நோக்குவதே நமது எண்ணம்.

ஊவாவைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. கண்டி இராச்சியத்தின் கிழக்கரணாக விளங்கிய இம்மலைப்புலம் போர்த்துக்கேயர் காலந்தொட்டு 1818 வரை படையெடுப்புகளையும் கிளர்ச்சிகளையும் கண்டது. அதே மண்ணிலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வேரூன்றின. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். வாள் ஏந்திய திசாவையின் ஊவாவும் கத்தி ஏந்திய தொழிலாளியின் ஊவாவும் வெவ்வேறு நாடுகள்போல எழுதப்பட்டு வந்துள்ளன. இரும்பை முன்னிறுத்திப் பார்க்கும்போது அவற்றிடையே உள்ள தொடர்ச்சியும் முறிவும் ஒருங்கே புலப்படுகின்றன.

பழைய குடும்பங்களிடத்தும் பழம்பொருட் கடைகளிலும் கஸ்தானை வாளைக் காட்டுவோர், அதனைக் "கண்டி அரசர் காலத்தது" என்று கூறுவது வழக்கம். குறுகிய, சற்றே வளைந்த, ஒருபுறம் மட்டுங் கூருடைய அலகு. சிங்கத் தலையாகவோ மகர முகமாகவோ முடியும் கைப்பிடி. விரல்களைக் காக்கும் வளைகம்பி. அலகை நோக்கிக் கீழே வளையும் குறுக்குக் கைகள், அவற்றின் நுனிகளிலும் சிறு விலங்கு முகங்கள். இவ்வமைப்பைக் கண்டவுடன் வாளுக்கு நாடும் காலமும் வழங்கிவிடுகின்றனர். ஆனால் வாள் என்பது ஒரே நாளில் ஒரே கையில் பிறந்த பொருளன்று. அலகு ஒன்று, கைப்பிடி ஒன்று, உறை ஒன்று. மூன்றுக்கும் மூன்று வயது இருக்கக்கூடும், மூன்று பிறப்பிடங்களும் இருக்கக்கூடும்.

அலகையே முதலில் எடுத்துக்கொள்வோம். கஸ்தானை வாள்கள் பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவிலே செய்யப்பட்டு இறக்குமதியானவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை பொறித்த அலகுகளும் அவற்றுள் உள்ளன. அத்தகைய முத்திரை எமக்குத் தருவது ஓர் எல்லையை மட்டுமே. அலகு அக்கம்பனி இயங்கிய காலத்தது, அதாவது 1602இற்கும் 1799இற்கும் இடைப்பட்டது என்று கூறலாம். அவ்வலகிலே சிங்கத்தலைக் கைப்பிடி எப்பொழுது பொருத்தப்பட்டது என்பதை முத்திரை சொல்லாது. ஒல்லாந்தர் 1796இலே இலங்கையை இழந்த பின்னரும் அவர்களுடைய அலகுகள் இந்நாட்டிலே கிடந்தன. ஒரு கொல்லன் 1830இலே அவற்றுள் ஒன்றை எடுத்துப் புதுக் கைப்பிடி பொருத்துவதைத் தடுத்தவர் எவருமிலர். அலகின் காலம் வாளின் காலத்துக்குக் கீழெல்லையே அன்றி வாளின் காலம் அன்று. இவ்வெளிய உண்மையை மறந்தமையால் விளைந்த பிழைகள் பல.

கைப்பிடியின் சான்று வேறுவகையானது. கீழ்நோக்கி வளையும் குறுக்குக் கைகளும் விரற்காப்பும் பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வாட்பிடிகளை நினைவூட்டுகின்றன என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். போர்த்துக்கேயர் 1505இலே இத்தீவை வந்தடைந்தவர்கள். எனவே நாம் இன்று காணும் கஸ்தானை வடிவம், தேசியப் பெருமை பேசுவோர் கருதுவதுபோல அநுராதபுர, பொலன்னறுவைக் காலத்துத் தொன்மையுடையது என்று கொள்ளுதற்கு இடமில்லை. சிங்கமும் மகரமும் பழையன; அவை வந்தமர்ந்த சட்டகம் புதியது. சிற்பத்திலே, கோயில் வாயிலிலே வாழ்ந்திருந்த விலங்குகள் வாட்பிடிக்கு இறங்கி வந்தமை ஒரு குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலின் விளைவு.

இவ்வடிவம் எப்பொழுது முழுமை பெற்றிருந்தது என்பதற்கு இலங்கைக்கு வெளியேயுள்ள இரு சான்றுகள் பெரிதும் உதவுகின்றன. ஜப்பானிலே செண்டாய்ப் பிரபுவான டாத்தே மசமுனேயின் தூதராக 1613இலே புறப்பட்ட ஹசெகுரா சுனெனாகா மெக்சிக்கோ, ஸ்பெயின், உரோமாபுரி எல்லாம் சென்று, திரும்புகையில் பிலிப்பைன்ஸிலே தங்கி, 1620இலே நாடு திரும்பினார். அவர் கொண்டுவந்து தம் பிரபுவுக்குக் கையளித்த இரு படைக்கலங்கள் இன்றும் செண்டாய் நகர நூதனசாலையிலே உள்ளன. ஒன்று கிறிஸ் எனப்படும் மலாய்த் தீவுக்கூட்டத்துக் குத்துவாள். மற்றையது இலங்கைக் கஸ்தானை வகையைச் சார்ந்தது என இனங்காணப்பட்டுள்ளது. இலங்கையின் அணிவாள் ஒன்று மணிலாவின் சந்தையூடாக ஜப்பான் சென்றது என்றால், 1620இற்கு முன்னரே அவ்வடிவம் நிலைபெற்றிருந்தது என்பது ஐயத்துக்கிடமின்றிப் பெறப்படும். இரண்டாவது சான்று இங்கிலாந்தினது. அந்நாட்டு உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றப் படையின் கேணலாயிருந்த அலெக்சாண்டர் பொப்பாம் குதிரைமீதமர்ந்து காட்சிதரும் பதினேழாம் நூற்றாண்டு நடுப்பகுதி ஓவியத்திலே, அவர் இடையிலே தொங்குவது கஸ்தானை. மன்னனை எதிர்த்துப் போரிட்ட ஒருவனின் இடையிலே கீழைத்தேய மன்னவையின் அணிகலன் ஏறியிருப்பது வரலாற்றின் சிறு நகைப்புகளுள் ஒன்று.

ஹசெகுராவின் இரு வாள்களும் ஒரே பொதியில் வந்தவை என்பது வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. பொருள் கண்டெடுக்கப்பட்ட இடம் அதன் பிறப்பிடமன்று. பிலிப்பைன்ஸின் மின்டனாவோ, சூலுத் தீவுகளிலே வாழும் மோரோ முஸ்லிம்களின் வாள்களைப் பற்றி ஆராய்வோரும் இதே சிக்கலை எதிர்நோக்குகின்றனர். மோரோக்களின் கிறிஸ், ஜாவாவின் கிறிஸோடு உறவுடையதாயினும் அதனிலும் பெரியது. குத்துவதற்கு மட்டுமன்றி வெட்டுவதற்கும் உரியது. அதன் காலத்தைக் கணிப்போர் அலகின் அடியிலே குறுக்காக அமையும் துண்டைக் கூர்ந்து நோக்குவர். முற்பட்ட வாள்களிலே அது தனியே அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிற்பட்டனவற்றிலோ அலகோடு ஒன்றாகவே வார்ந்து, பொருத்துக் கோடு ஒன்றைப் பொய்யாகக் கீறி விடுதலும் உண்டு. மெய்யான பொருத்து பொய்க்கோடாக மாறிய இடத்திலே போர்வீரனுக்காகச் செய்தல் என்பது வாங்குபவனுக்காகச் செய்தல் என்று மாறுவதைக் காண்கிறோம். அமெரிக்கப் படைகள் அத்தீவுகளை அடக்கி ஆண்ட காலத்திலே சிப்பாய்கள் கொள்ளையாகவும் விலைக்கும் கொண்டுசென்ற வாள்களே அமெரிக்கத் தொகுப்புகள் பலவற்றின் அடித்தளம். வாங்குவோர் பெருகப் பெருக வாளும் பெருகியது; கோடு மட்டும் எஞ்சியது. கஸ்தானைக்கும் இத்தகைய ஒரு திருப்பம் நேர்ந்தது. அது எப்பொழுது நேர்ந்தது என்பதே ஊவாவின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய வினா.

அதற்கு முன், இவ்வாள் எவருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. 1660 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி நாட்டிலே சிறையிருந்த றொபட் நொக்ஸ் 1681இலே வெளியிட்ட நூல் உயர்ந்தோர் அணியும் வேலைப்பாடமைந்த குறுவாளையும், சாதாரண மக்களின் நிலையையும் வேறுபடுத்தியே காட்டுகிறது. கஸ்தானை பதவியின் குறி. மன்னன் அளித்து மன்னனே பறிக்கும் உரிமை. போர்க்களத்திலே வேலை செய்தவை வில்லும் ஈட்டியும், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து துவக்கும். 1630 ஆகஸ்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவிலே படையோடு அழிந்தான். அவனை வீழ்த்தியது மன்னவையின் வாள்வீரம் என்பதைவிட, அவனுடைய படையிலிருந்த சிங்கள முதலிமாரும் லஸ்கரின்களும் பக்கம் மாறியமையே எனல் பொருந்தும். 1817இலே ஊவாக் கிளர்ச்சி வெடித்தபோது பதுளையின் பிரித்தானிய உதவி வதிவாளர் வில்சன் கொல்லப்பட்டது அம்பினால். கிராமத்தானுடைய கையிலே இருந்தது வில். அதற்கு எந்த நூதனசாலையிலும் கண்ணாடிப் பேழை கிடையாது.

கெப்பெட்டிபொல திசாவையின் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. கிளர்ச்சியை அடக்குமாறு ஊவாவுக்கு அனுப்பப்பட்டவர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். சேருமுன் பிரித்தானியர் கொடுத்த படைக்கலங்களைத் திருப்பியனுப்பினார். 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியிலே அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். மண்டையோட்டை எடின்பரோவுக்கு எடுத்துச்சென்று, தலையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு குணத்தை அறிவதாகப் பாவனைசெய்த அக்காலப் போலி அறிவியலுக்கு இரையாக்கினர். 1954இலேதான் அது நாடு திரும்பியது. மனிதனின் தலையையும் வாளின் தலையையும் ஒரே வகைச் சேகரிப்பு மனப்பான்மையோடு அளந்த காலம் அது.

நமது கருத்திலே கஸ்தானையின் வரலாற்றில் பெருந்திருப்பம் 1818இலே நிகழ்கிறது. அவ்வாண்டு நவம்பர்ப் பிரகடனம் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்து அவர்களைப் பிரித்தானிய முகவர்களின் கீழ்ப்படுத்தியது. 1832இலே இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. படைகொண்டு சேவிக்கும் கடமையிலிருந்து வாள் பிரிந்தது, ஆனால் மறையவில்லை. கரையோர முதலியார்களுக்கும் ஏனைய பிரதானிகளுக்கும் ஆளுநர் வழங்கும் விருதாக, பதக்கத்தோடும் இடைப்பட்டியோடும் சேர்ந்து வாழத் தொடங்கியது. அக்கால நிழற்படங்களிலே பொன்னிழைத்த மேலங்கியோடு நிற்கும் முதலியாரின் இடையிலே தொங்குவது இத்தகைய வாளே. இவற்றின் அலகுகள் மெல்லியன, பல கூர்தீட்டப்படாதன. எவரையும் வெட்ட வேண்டிய தேவை அவற்றுக்கில்லை. எனவே "கண்டி அரசர் காலத்தது" எனக் காட்டப்படும் வாள்களுட் கணிசமானவை விக்ரோறியா மகாராணி காலத்தனவாக இருத்தல் கூடும் என்றே நாம் ஐயுறுகிறோம். கைப்பிடியின் சிங்கம் பல்லைக் காட்டுகிறது. அதன் கழுத்துக் கயிறு தேசாதிபதியின் கையிலே இருந்தது.

இவ்வாள் எவ்வினத்தாருடையது என்ற கேள்வி அண்மைக்காலத்திலே கூர்மை பெற்றுள்ளமைக்குக் காரணம் தெளிவு. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனது கொடியிலிருந்த வாளேந்திய சிங்கம் 1948இலே தேசியக் கொடியாயிற்று; 1951இலே சிறுபான்மையினரைக் குறிக்கும் இரு பட்டைகள் வாளுக்கெதிரே சேர்க்கப்பட்டன. அச்சிங்கத்தின் கையிலுள்ளது கஸ்தானை. ஆனால் அம்மன்னன் மதுரை நாயக்கர் வழியினன். 1765இலே தன் அரண்மனையைப் பறிகொடுத்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் அவ்வழியினனே. கண்டியின் சிம்மாசனமோ 1693இலே ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பரிசு. பிரித்தானியர் கொண்டுசென்று 1934இலே திருப்பியளித்தது. கண்டி அரசவையின் அடையாளங்கள் பலநாட்டுக் கலப்பிலே உருவானவை. சிங்களப் பேரினவாதி கஸ்தானையைத் தனக்கென்று கொள்வதும், அதற்கு மறுமொழியாகத் தமிழ்ப் பெருமை பேசுவோர் "நாயக்கன் வாள், ஆகவே நம் வாள்" என்று உரிமை கோருவதும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள். இருவரும் அதை அணிந்தவனைப் பற்றிப் பேசுகின்றனர். அடித்தவனைப் பற்றிப் பேசவில்லை.

அடித்தவனிடம் செல்வோம். கண்டி அரசின் பணியிலே 'பட்டல் ஹத்தர' எனப்படும் நான்கு அரச பட்டறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 'ரன்கடு', அதாவது பொன்வாள், பட்டறை. அங்கு பணிபுரிந்த கம்மாளருக்கு மானிய நிலமும் சிறப்புப் பெயர்களும் கிடைத்தன. கிராமக் கொல்லனின் நிலையை நொக்ஸ் சுவையாக விவரிக்கிறார்: ஒவ்வொரு கொல்லனுக்கும் இன்ன ஊர்கள் என வரையறை உண்டு, வேலை வேண்டி வருவோர் அவன் பட்டறையிலே காத்துக் கிடப்பர். ஆனால் கொல்லனுக்குக் கீழே இன்னொருவன் இருந்தான். மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுத்த யமன்னு குலத்தவன் அவன். அரசனுக்கு இரும்புக் கட்டிகளை இறையாகச் செலுத்திய அவன் சமூகப் படிநிலையிலே மிகத் தாழ வைக்கப்பட்டிருந்தான். பொன்வாளின் உச்சியிலுள்ள சிங்கத்தலைக்கும் அதன் உள்ளேயுள்ள இரும்புக்கும் இடைப்பட்ட தூரம் சாதியின் தூரமே.

இத்தொழில்களை நமக்குப் பதிந்து தந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வுக்காக மலைநாடெங்கும் அலைந்த அவர், அழிந்துகொண்டிருந்த இரும்பு, உருக்குத் தொழில்களை முதிய தொழிலாளரைக் கொண்டு செய்து காட்டச் செய்து எழுதிவைத்தார். 1908இலே வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' இல்லையேல் நாம் இக்கட்டுரையை எழுதியிருத்தல் இயலாது. மலைநாட்டுக் கம்மாளக் குடும்பங்கள் சிலவற்றின் தென்னிந்திய வழித்தோன்றலையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் நிலமானிய அமைப்பிலே கைவினைஞன் மனநிறைவோடு வாழ்ந்தான் என்ற அவரது பார்வையை நாம் ஏற்பதற்கில்லை. பட்டறைக் கம்மாளனின் மானியத்தைக் கண்டு மகிழ்ந்தவர், யமன்னுவின் இறைச்சுமையை அதே அளவிலே எடைபோடவில்லை. ஆலை முதலாளித்துவத்தின்மீது அவருக்கிருந்த வெறுப்பு நியாயமானது. அவ்வெறுப்பு அவரை முதலாளித்துவத்துக்கு முன்னோக்கி அன்றிப் பின்னோக்கி இட்டுச் சென்றது.

இரும்பு எங்கிருந்து வந்தது? அப்புத்தளையின் தென்விளிம்பிலே நின்று கீழே நோக்குபவருக்கு வளவை கங்கையின் வடிநிலம் விரிந்து தெரியும். அங்கே சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட வேளையிலே, 1990களின் தொடக்கத்தில், கில் ஜுலெவ் என்னும் தொல்லியலாளர் நடத்திய கள ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. குன்றுகளின் மேற்கு முகங்களிலே இரும்புருக்கும் உலைகள் வரிசையாகக் கிடந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களிலே அவை காணப்பட்டன. துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகள் அவை. கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. 1996இலே வெளியான அவரது ஆய்வு, உலையைத் திரும்பக் கட்டி உருக்கிக் காட்டி, உயர்கரி இரும்பு அவற்றிலே கிடைத்தமையையும் நிறுவியது. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரண்டீப் இரும்பைப் பெயர்சுட்டிக் கூறுகிறார். அவர் கூறும் முறை நமக்கு மிகவும் முக்கியமானது: சரண்டீப்பிலிருந்து வந்த இரும்பு வேறு, அது குராசானிலோ பிறவிடத்திலோ வாளாக அடிக்கப்படுவது வேறு என அவர் பிரித்துக் காண்கிறார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அல் கிந்தி செய்த இப்பாகுபாட்டை இன்றைய பழம்பொருட் சேகரிப்பாளர் பலர் செய்வதில்லை.

ஒரு எச்சரிக்கை வேண்டும். சமனலவெவ உலைகள் அணைந்ததற்கும் கஸ்தானை வடிவம் தோன்றியதற்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. கஸ்தானையின் இரும்பு அவ்வுலைகளிலே பிறந்தது என்று எவரும் சொல்லத் துணியார். நொக்ஸ் கண்டதும், 1821இலே மருத்துவர் ஜோன் டேவி எழுதியதும் துருத்தி கொண்டு உருக்கும் சிற்றுலைகளே. அக்காற்று மட்டும் நிற்கவில்லை. யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு ஊவாவுக்குள் வறண்டு வீசும் அதே கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தையும் ஏலத்திலே தனி விலையையும் கொடுக்கிறது. ஒருகாலத்திலே மலையடிவாரத்து இரும்பை உருக்கிய காற்று, பின்னொரு காலத்தில் மலைமேலே கொழுந்தை இறுக்கியது. இரண்டிலும் இலாபம் ஓரிடத்திலும் வியர்வை ஓரிடத்திலுமாகச் சென்று சேர்ந்தன.

சிற்றுலைகள் எவ்வாறு அணைந்தன என்பதைச் சுருங்கச் சொல்லலாம். இரும்புருக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்டமுடியாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. மறுபுறம், மலிந்த ஆங்கில இரும்பு கப்பல்களிலே வந்து குவிந்தது. கிராமக் கொல்லன் யமன்னுவிடம் வாங்குவதை விட்டுக் கடையிலே வாங்கினான். கோப்பியும் நிலைக்கவில்லை: 1869இலே இந்த ஊவாவின் மடுல்சீமையிலேதான் கோப்பி இலைநோய் முதன்முதற் காணப்பட்டது. தேயிலை வந்தது, 1924இலே புகையிரதப்பாதை பதுளையை எட்டியது, அதன்வழி இரும்புக் கருவிகளும் ஏறி வந்தன.

இங்குதான் கவ்வாத்துக் கத்தி நம் ஆய்வுக்குள் நுழைகிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கொருமுறை தேயிலைச் செடியின் மேற்பாகத்தை வெட்டித் தட்டையாக்கும் வேலை கவ்வாத்து. ஆண்களே செய்துவந்த வேலை அது. வளைந்த அலகு, இறுகப் பிடிக்கத்தக்க கைப்பிடி. கிளை பிளவாது ஒரே இழுவையிலே சரிவாக அறுபட வேண்டும். பிளந்தால் செடி நோயுறும். கங்காணியின் வாயும் திறக்கும். கவாத்து என்னும் சொல் தமிழிலே படைப்பயிற்சியையும் குறிக்கும் என்பது சொல்லாய்வாளர் கவனத்துக்குரியது. பிரட்டுக்களத்திலே வரிசையாக நின்று பெயர்கொடுத்துவிட்டு மலையேறிய அம்மனிதருக்கு இரு பொருளும் பொருந்தியே இருந்தன.

இக்கத்தியின் தோற்றத்தையும் காலத்தையும் இனங்காண்பது எவ்வாறு? கஸ்தானைக்குக் கேட்ட அதே வினாக்களையே கேட்க வேண்டும். அலகு ஆங்கில ஆலை முத்திரை உடையதா, அன்றி அயற்கிராமத்துக் கொல்லன் அடித்ததா? அலகை மெருகிட்டு அமிலந் தடவிப் பார்த்தால் நார்நாராக ஓடும் கசடு தெரிகின்றதா? தெரிந்தால் அது பழைய சிற்றுலை முறையில் உருவான இரும்பாதல் கூடும். ஒரே சீராயின் 1856இலே பெசமர் முறை தோன்றியதற்குப் பிற்பட்ட ஆலை உருக்கெனக் கருதலாம். கரிமக் காலக்கணிப்பு மரக்கரியால் உருக்கிய இரும்புக்கே பொருந்தும். நிலக்கரியால் உருக்கிய ஆங்கில இரும்பை அச்சோதனைக்கு உட்படுத்தினால், பல இலட்சம் நூற்றாண்டுகளுக்கு முன் புதையுண்ட காட்டின் வயதையே அது ஒப்புவிக்க முயலும். கருவி தன் அளவுகோலின் எல்லையைத் தாண்டித் திகைக்கும். லயத்துச் சுவரிலே செருகியிருந்த கத்தி அநுராதபுரத்தையும் விஞ்சிய தொன்மையுடையதாகத் தோன்றும்! விஞ்ஞானக் கருவியும், கேட்கும் வினா பிழையாயின், பிழையாகவே விடை தரும்.

எல்லாவற்றினும் சிறந்த சான்று தேய்வு. டி. டி. கோசாம்பி பண்டைய முத்திரை நாணயங்களை ஆயிரக்கணக்கிலே நிறுத்துப் பார்த்து, கைமாறிக் கைமாறி அவை இழந்த எடையைக் கொண்டு காலவரிசை வகுத்தார். நாணயத்தின் தேய்வு வாணிபத்தின் பதிவு. கத்தியின் தேய்வு உழைப்பின் பதிவு. நாள்தோறும் கல்லிலே தீட்டப்பட்ட அலகு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கும். பெருவிரல் அழுந்திய இடத்திலே கைப்பிடி குழியும். இடக்கைக்காரன் கத்தி வேறு பக்கம் குழியும். ஒரே தோட்டத்திலே கிடைக்கும் பத்துக் கத்திகளை வரிசையாக வைத்து அளந்தால், ஒருவன் வாழ்நாளில் எத்தனை செடி வெட்டினான் என்பதை அண்ணளவாகவேனும் மதிப்பிட வழி பிறக்கும். கஸ்தானையிலே இத்தகைய தேய்வு அரிது. அது பழுதுபடாமல் இருப்பதே அதன் விலை. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடிய புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வருகின்றது: நெய்பூசி மாலைசூட்டிக் காவல்மனையிலே வைத்த படைக்கலங்களையும், நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கும் படைக்கலங்களையும் அருகருகே நிறுத்திப் புகழ்ச்சிபோலத் தோன்றும் சொற்களாலே எள்ளிய பாட்டு அது. நூதனசாலைகள் தொண்டைமானின் பக்கமே நிற்கின்றன.

ஊவாவிலே இக்கத்திகளைத் தேடிச் சேர்ப்பது எளிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியது. தலைமன்னாரிலே கப்பலேறியவர்களின் தகரப் பெட்டிகளிலே கத்திகள் போனதாக எவரும் பதிவு செய்யவில்லை. தோட்டத்தின் பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டே போயிருப்பர். 1983 யூலையிலே பதுளை எரிந்தபோது தமிழர் வீடுகளோடும் கடைகளோடும் எரிந்தவற்றுக்குப் பட்டியல் இல்லை. இன்று தோட்டங்கள் சிலவற்றிலே எரிபொருளால் இயங்கும் பொறி கவ்வாத்து வெட்டுகிறது.

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய எழுத்துகளிலே அவர்கள் கையிலிருந்த இரும்பு வேலைக் கருவியாக மட்டுமே இடம்பெறுகிறது. 1940ஆம் ஆண்டின் ஊவா வேலைநிறுத்தங்கள் இக்கருத்தை மாற்றப் போதுமானவை. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைக் களைந்தனர் என இடதுசாரி இயக்க வரலாறுகள் பதிந்துள்ளன. அவ்வாண்டு யூனிலே சமசமாஜக் கட்சித் தலைவர்கள் சிறையிடப்பட்டனர், அலை அடங்கியது. அன்று வெவெஸ்ஸவின் மலைச்சரிவிலே தொழிலாளர் கைகளிலிருந்த கத்திகளுள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்குமாயின், அது ஏதேனுமொரு லயத்தின் பின்புறத்திலே, கைப்பிடி மாற்றப்பட்டு, விறகு பிளக்கும் கத்தியாகவே இருக்கும். அலகின் அடியை மட்டும் துடைத்துப் பார்க்க வேண்டும்; முத்திரை அங்கேதான் இருக்கும்.